குழந்தை என்.ஐ.சி.யூ.வில், அம்மா வார்டில்: குறைமாதத்தில் பெற்றவர்கள் நிதானமாகப் பால் எடுக்க ஒரு வழிகாட்டி

37 வாரம் முடியும் முன்பே பிரசவமாகிவிட்டது. குழந்தை என்.ஐ.சி.யூ. என்ற பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், இன்குபேட்டரிலோ வார்மரிலோ இருக்கிறது, நீங்கள் வேறொரு தளத்தில் படுத்திருக்கிறீர்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தன் குழந்தைக்குப் பால் கொடுக்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள்: "கவலைப்படாதம்மா, கவலைப்பட்டா பால் வத்திடும்."

அந்தப் பேச்சை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். கவலைப்பட்டதற்காகப் பால் வற்றிவிடாது. பாலைச் சுரக்க வைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன். மார்பு எத்தனை முறை காலியாகிறதோ அதற்கேற்ப சுரப்பு கூடும், குறையும். சுரந்த பாலை வெளியே இறக்குவது ஆக்ஸிடோசின் என்ற இன்னொன்று. பயம், வலி, பதற்றம் வந்தால் கொஞ்ச நேரம் தயங்குவது இந்த இரண்டாவதுதான். அதாவது பயந்துபோயிருக்கும் அம்மாவின் மார்பிலும் பால் இருக்கும், இறங்கத்தான் நேரமாகும். அந்தத் தயக்கம் தளர இரண்டு மூன்று நிமிடம் போதும்.

மைண்ட்ஃபுல்னஸ் என்று சொல்கிறார்களே, அதில் நமக்கு இங்கே வேண்டியது அவ்வளவுதான். மனதைக் காலியாக்க வேண்டாம், பயத்தை விரட்டவும் வேண்டாம். பால் எடுக்கும்போது உங்கள் உடம்பையும் குழந்தையையும் கவனிக்கப் பழகினால் போதும். 1989-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்கள் சிலருக்கு உடம்பைத் தளர்த்தி, குழந்தையை நினைத்துப் பார்க்கச் சொல்லும் ஒலிநாடா ஒன்றைக் கொடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அளந்தபோது, நாடா கேட்காத அம்மாக்களைவிட அவர்கள் ஒரு தடவையில் எடுத்த பால் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் செலவில்லாத, கெடுதல் இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பலன் என்றால் முயன்று பார்க்கலாம் இல்லையா?

முதல் வேலை: அந்தச் சில துளிகள்

முடிந்தால் பிரசவமான ஒரு மணி நேரத்துக்குள், சிசேரியனோ ரத்த அழுத்தமோ என்றால் ஆறு மணி நேரத்துக்குள்ளாவது கையால் பால் எடுக்கத் தொடங்குங்கள். யாரும் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே சிஸ்டரிடம் கேளுங்கள். எழுந்து உட்கார முடியாவிட்டால் சாய்ந்தபடியே எடுக்கலாம்.

முதலில் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சில துளிகள்தான் இருக்கும். பாட்டிலில் பிடித்தால் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும் என்பதால், ஊசி இல்லாத சின்ன சிரிஞ்சில் உறிஞ்சி எடுப்பார்கள். அரை மி.லி. கிடைத்தாலும் அனுப்புங்கள். இன்னும் வயிற்றுக்குப் பால் தொடங்காத குழந்தைக்குக்கூட அதைக் கன்னத்தின் உட்புறம் தடவிவிடுவார்கள். குறைமாதக் குழந்தையின் குடல் இன்னும் பக்குவப்படாதது. அதைத் தாக்கும் கடுமையான குடல் அழற்சி, பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. முன்கூட்டிப் பெற்ற அம்மாவின் பாலில் முதல் சில வாரங்களுக்குப் புரதமும் கூடுதலாக இருக்கும்.

எடுக்கும் முறை இதுதான். கட்டைவிரல் காம்புக்கு மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்துங்கள். பிறகு விரல்கள் இரண்டு பக்கமும் சேருவதுபோல அமுக்குங்கள். அப்புறம் விட்டுவிடுங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. வலித்தால் விரலின் இடம் தவறியிருக்கிறது என்று அர்த்தம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் ஒன்றும் வராது. பலர் அங்கேயே கையை எடுத்துவிடுகிறார்கள். அப்படி விட்டுவிடாமல், ஒவ்வொரு முறை விரலைத் தளர்த்தும்போதும் மூச்சையும் சேர்த்து விட்டுப் பாருங்கள். அழுத்து, அமுக்கு, விடு என்ற தாளம் பிடிபட்டதும் தோள் தானாகவே இறங்கும்.

பால் எடுப்பதற்கு முன் மூன்று நிமிடம்

பயிற்சியைக் கை கழுவும் இடத்திலேயே தொடங்கலாம். எப்படியும் சோப்புப் போட்டுக் கழுவத்தான் போகிறீர்கள். தண்ணீரின் குளிர்ச்சி, சோப்பு வாசனை, விரல் இடுக்கில் நுரை என்று அதை மட்டும் கவனியுங்கள். "அடுத்த ரவுண்ட்ஸ்ல டாக்டர் என்ன சொல்வாரோ" என்று மனது ஓடும். ஓடினால் ஓடட்டும், திரும்பத் தண்ணீருக்கு வாருங்கள். எத்தனை முறை ஓடினாலும் திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சி. ஓடியதற்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காருங்கள். கட்டில் உயரமாக இருந்தால் காலுக்கு ஒரு ஸ்டூல் வாங்கிக்கொள்ளுங்கள், கால் தொங்கினால் இடுப்பும் தையலும் இழுக்கும். முதுகுக்குத் தலையணை. கையில் எடுக்கும் பாத்திரமோ பம்ப்போ தயாராக இருக்கட்டும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடலாம். சிசேரியன் தையல் இருக்கிறவர்கள் வயிற்றை உப்பி மூச்சு விட வேண்டியதில்லை, கையை விலாவில் வைத்து அது விரிவதைக் கவனித்தால் போதும். ஏழெட்டு மூச்சு ஆனதும் தாடை, தோள், உள்ளங்கை மூன்றையும் பாருங்கள். பதற்றம் பெரும்பாலும் அங்கேதான் இறுகி நிற்கும்.

கடைசியாகக் குழந்தை. போனில் உள்ள படத்தைப் பாருங்கள், அல்லது குழந்தையைச் சுற்றியிருந்த துணியை முகர்ந்து பாருங்கள். வார்டில் அனுமதித்தால் ஒரு சின்னப் பருத்தித் துணியை நீங்கள் சில மணி நேரம் மார்போடு வைத்திருந்து குழந்தையின் அருகே வைக்கச் சொல்லலாம், அங்கிருப்பதை இங்கே வாங்கிக்கொள்ளலாம். வாசனைக்குப் பால் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

கூட அம்மாவோ கணவரோ இருந்தால் அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். நீங்கள் மேஜை மேல் கையை மடித்துத் தலை சாய்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்கள் கழுத்திலிருந்து கீழே, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கட்டைவிரலால் சின்னச் சின்ன வட்டமாக இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துவிடட்டும். தாய்ப்பால் ஆலோசகர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கற்றுத்தரும் முறை இது. "நான் என்ன பண்றது" என்று வராந்தாவில் நிற்கிற அப்பாக்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஒரு முக்கியமான விஷயம். சிலருக்குக் கண்ணை மூடினால் பிரசவ அறை அப்படியே திரும்ப வரும். அப்படி என்றால் மூடாதீர்கள். கண்ணைத் திறந்துவைத்து எதிரே தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுங்கள், பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்துங்கள். அதுவும் கவனம்தான்.

எத்தனை தடவை, எவ்வளவு

24 மணி நேரத்தில் எட்டு தடவையாவது எடுக்க வேண்டும். இடைவெளி சீராக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. இரவு ஒருமுறை எடுப்பதை மட்டும் விடாதீர்கள், புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம். நிதானம் பாலை இறக்க உதவும், ஆனால் பாலைப் பெருக்குவது இந்த எட்டு தடவைதான். ஒன்றை நம்பி மற்றதை விட்டால் வேலைக்கு ஆகாது.

பம்ப் இருந்தாலும் கையை ஓய்வாக வைக்காதீர்கள். 2009-ல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேன் மார்ட்டன் குழு குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களிடம் செய்த ஆய்வில், பம்ப் ஓடும்போதே மார்பைக் கையால் அமுக்கி, முடிவில் கையாலும் எடுத்தபோது பால் 48 சதவீதம் கூடியது. முதல் மூன்று நாள் கையால் அடிக்கடி எடுத்தவர்களுக்குத்தான் பின்னாலும் அதிகம் கிடைத்தது.

அளவைப் பற்றிய பயம் எல்லோருக்கும் வரும். முதல் நாள் துளிகள், மூன்று முதல் ஐந்து நாளில் மார்பு நிறையும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிசேரியன் இருந்தால் இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். இரண்டு வாரத்தில் நாளுக்கு 500 மி.லி. வரை கொண்டுவரப் பார்ப்பது நல்லது. அந்த எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டாம்: 1.2 கிலோ குழந்தை முழுப் பாலுக்கு வந்த பிறகு நாளொன்றுக்குக் குடிப்பது சுமார் 180 முதல் 220 மி.லி.தான். 500 என்பது, பின்னால் குழந்தை வளரும்போது பற்றாக்குறை வராமல் இருக்க இப்போதே போட்டுவைக்கும் அடித்தளம்.

பம்ப் செய்யும்போது பாட்டிலின் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தால் பால் நின்றுவிடும் என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. குழந்தையின் சாக்ஸ் ஒன்றைப் பாட்டிலின் மேல் மாட்டிவிடுங்கள். எவ்வளவு வந்தது என்று தெரியாது, கையில் தட்டுப்படுவது குழந்தையின் சாக்ஸ். முடிந்த பிறகு கழற்றிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

எடுத்த பாலில் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டுங்கள். நம் ஊர் வெயிலில் வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் உள்ளே தள்ளி வைத்தால் 24 மணி நேரம், கதவுத் தட்டில் வேண்டாம். உங்கள் வார்டில் இதைவிடக் கண்டிப்பான விதி இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பம்ப் பாகங்களையும் கிண்ணத்தையும் சோப்பால் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, தானாக உலரவிடுங்கள்.

இன்குபேட்டர் பக்கத்தில்

உள்ளே போனதும் கண் மானிட்டருக்குத்தான் போகும். எந்த எண் எதைக் குறிக்கிறது, எந்தச் சத்தத்துக்கு அவர்கள் ஓடி வருவார்கள், எது வெறும் வயர் நழுவிய சத்தம் என்று சிஸ்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம் கண்ணைத் திரையிலிருந்து எடுத்துக் குழந்தைமேல் வையுங்கள். மார்பு ஏறி இறங்குவதை, விரல் மடங்குவதை, புருவம் சுருங்குவதைப் பாருங்கள். திரையைப் பார்ப்பதற்கு அங்கே ஆள் இருக்கிறார்கள்.

தொட அனுமதித்தால் வருடிக்கொடுக்காதீர்கள். ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு லேசான வருடல் எரிச்சலாக இருக்கும். கையைக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கி, ஒரு கையைத் தலையில் கிண்ணம்போல் கவித்து, இன்னொரு கையால் மடங்கிய கால்களைச் சேர்த்துப் பிடித்து, அசையாமல் வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தையின் விறைப்பு தளர்வது உங்கள் கைக்கே தெரியும். விரல்களை விரித்துக் கையை நீட்டினாலோ, நிறம் மாறினாலோ, விக்கல் எடுத்தாலோ "இப்போதைக்குப் போதும்" என்கிறது. கையை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுங்கள். இப்படிப் பார்த்துவிட்டு வந்த கையோடு பால் எடுத்தால் நன்றாக இறங்கும்.

நெஞ்சோடு நெஞ்சாக

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் கங்காரு பராமரிப்பை, அதாவது குழந்தையைத் தோலோடு தோலாக உங்கள் நெஞ்சில் வைத்திருப்பதைச் செய்யுங்கள். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற டாக்டர் தொடங்கியது இது. அன்று வசதி இல்லாததற்கு மாற்றாக வந்தது, இன்று வசதி உள்ள இடத்திலும் முதல் சிகிச்சை. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் சேர்ந்து செய்து 2021-ல் வெளிவந்த ஆய்வில், 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளை நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனே நெஞ்சில் வைத்தபோது, முதல் 28 நாளில் இறப்பு கால் பங்கு குறைந்தது. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம், நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது. "இன்னும் வெயிட் ஏறட்டும்" என்று உங்களுக்குச் சொன்னால், என்றைக்குத் தொடங்கலாம் என்று தினமும் கேளுங்கள். மூச்சுக் கருவியில் இருக்கும் குழந்தைக்கு எப்போது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

முன்பக்கம் திறக்கும் நைட்டியோ தளர்வான ரவிக்கையோ போடுங்கள். குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ், நாப்கின் மட்டும். இரண்டு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, தவளைபோலக் கைகாலை மடக்கி, தலையை ஒரு பக்கம் திருப்பி வைப்பார்கள். கழுத்து முன்னால் மடங்கவும் கூடாது, பின்னால் தொங்கவும் கூடாது, மூச்சுப்பாதை திறந்திருக்க வேண்டும். மேலே துணியால் இறுக்காமல் பத்திரமாகக் கட்டி, நீங்கள் சாய்வாக இருங்கள். ஒருமுறை எடுத்தால் ஒரு மணி நேரமாவது வைத்திருங்கள், அடிக்கடி மாற்றினால் குழந்தை களைத்துவிடும்.

கவனப் பயிற்சிக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. போனை எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். குழந்தையின் கன்னம் படும் இடத்துச் சூடு, உங்கள் மூச்சில் அது ஏறி இறங்குவது, சின்ன நகம் கீறுவது. அழுகை வந்தால் அழுங்கள், யாரும் தடுக்க வேண்டியதில்லை. பல அம்மாக்களுக்கு அப்போதே மார்பு சுருக்கென்று பால் கசியும், பக்கத்தில் துணி வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் பாட்டியும்கூட முறை எடுத்துச் செய்யலாம், அந்த நேரம் உங்களுக்குத் தூக்கம்.

வாயால் குடிக்கத் தொடங்கும்போது

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்துழைக்க, கர்ப்பக் கணக்கில் 32 முதல் 34 வாரம் ஆக வேண்டும். அதுவரை வயிற்றுக்குப் போகும் டியூப் வழியாகத்தான் பால். டியூபில் பால் போகும்போது, பால் எடுத்து முடித்த மார்பில் குழந்தையைச் சப்பவிடலாமா என்று கேளுங்கள். வயிறு நிறைவதையும் மார்பையும் அது சேர்த்துப் பழகும்.

அடுத்து பாலாடை. நம் வீடுகளில் சங்கு என்று வைத்திருந்த அதே பொருள்தான், இன்று குழந்தைகள் வார்டுகளில் பாட்டிலுக்குப் பதில் அதைத்தான் கொடுக்கிறார்கள். குழந்தையை நிமிர்த்திச் சாய்த்து, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்து, துளித் துளியாகச் சாய்த்து, விழுங்கும்வரை காத்திருங்கள். ஊற்றக் கூடாது. குழந்தை நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். அடுத்த வாய்க்கு அது தயாராகும்வரை உங்கள் மூச்சை இரண்டு முறை கவனியுங்கள், அவசரம் குறைந்துவிடும்.

நேரடியாக மார்பில் வைக்கும்போது, குழந்தையின் உடம்பு உங்கள் கக்கத்துக்குக் கீழே வருமாறு பிடித்தால் சின்னத் தலையை உள்ளங்கையில் தாங்கலாம். முதல் நாட்களில் நான்கைந்து முறை சப்பிவிட்டுத் தூங்கிவிடும். அது தோல்வி இல்லை, அதன் சக்தி அவ்வளவுதான். மீதியைப் பாலாடையில் கொடுங்கள், பால் எடுப்பதையும் தொடருங்கள். எப்போது குறைக்கலாம் என்பதை எடை சொல்லும்.

பால் குறைந்த வாரம்

மூன்றாம், நான்காம் வாரத்தில் பலருக்குச் சட்டென்று குறையும். குழந்தைக்குத் தொற்று வந்த நாளாக இருக்கும், அல்லது நீங்கள் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்து இரண்டு தடவை விட்டிருப்பீர்கள். முதலில் தடவையை எண்ணுங்கள், பம்பின் கூம்பு காம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். நாளில் ஏதாவது ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, அதில் பத்து நிமிடம் எடுத்து, பத்து நிமிடம் ஓய்ந்து, மறுபடி எடுத்துப் பாருங்கள். சில நாளில் கூடும். பூண்டும் பால்சுறாப் புட்டும் சாப்பிடப் பிடித்தால் சாப்பிடுங்கள், ஆனால் அவை எட்டு தடவைக்கு மாற்று ஆகாது. பத்தியம் என்று தண்ணீரையும் சோற்றையும் குறைப்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

அப்படியும் போதவில்லை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2014 முதல் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, மதுரை, திருச்சி போன்ற அரசு மருத்துவமனைகளில் வந்தன. கொடையாளர்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை போன்ற பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கித்தான் கொடுக்கிறார்கள். வாங்கிக் கொடுப்பதில் எந்தக் குறையும் இல்லை. தெரிந்தவர் பாலை வங்கி வழியாக இல்லாமல் நேரடியாகக் கொடுப்பது மட்டும் வேண்டாம்.

மனது அடங்காத நாட்கள்

"நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்ற கேள்வி வரும். வந்தால் விவாதிக்காதீர்கள். "இது குற்ற உணர்ச்சி", "இது பயம்" என்று பெயர் மட்டும் சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்கு வாருங்கள். சிலருக்குப் பால் இறங்கும் அந்த நிமிடத்தில் மட்டும் காரணமே இல்லாமல் ஒரு சோகம் கவிந்து, கொஞ்ச நேரத்தில் விலகும். அது ஹார்மோன் மாற்றத்தால் வருவது, உங்கள் பாசத்தில் குறை இல்லை.

"ஏழு மாசம்னா தங்கும், எட்டு மாசம்னா தங்காது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மை நேரெதிர்: வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குழந்தையைப் பார்க்கவே மனம் வராவிட்டாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ, மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சிகிச்சை எடுத்துக்கொண்டே பால் கொடுக்க முடியும், பெரும்பாலும் பொருத்தமான மருந்து இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின்

சேனை தொடுவதையும் (நாக்கில் இனிப்புத் தடவுவது) சர்க்கரைத் தண்ணீரையும் உறுதியாக மறுத்துவிடுங்கள். பெரியவர்களிடம் "டாக்டர் கண்டிப்பா வேண்டாம்னுட்டார்" என்று சொன்னால் சண்டை வராது. பார்க்க வருகிறவர்களை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தை பசித்தாலும் தூங்கும், அழுதுதான் கேட்கும் என்று காத்திராமல் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கொடுங்கள். எடை இரண்டரைக் கிலோ ஆகும்வரை, அல்லது குழந்தையே நெளிந்து வெளியே வரும்வரை கங்காரு பராமரிப்பைத் தொடருங்கள். கண் பரிசோதனைக்கும் எடை பார்க்கவும் சொன்ன தேதியை விடாதீர்கள். இரும்பு, வைட்டமின் சொட்டு மருந்தும் சொன்ன அளவுதான்.

குழந்தை இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டாலோ சுட்டாலோ, மூச்சு வாங்கினாலோ நின்று நின்று வந்தாலோ, உதடு நீலமானாலோ, வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுத்தாலோ, நெஞ்சோடு கட்டிக்கொண்டே உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஆம்புலன்ஸுக்கு 108.